பந்தியிலே சமம், பலகையிலே?

தோழர்களே!

நண்பகல் மணி அடிக்கிறது. ஊர்த் தொடக்கப் பள்ளியின் தாழ்வாரத்திலே தட்டுகள் வரிசையாக வைக்கப்படுகின்றன. நிலமுடையவர் வீட்டுப் பிள்ளையும், அந்த நிலத்திலே கூலிக்கு நாற்று நடுபவர் வீட்டுப் பிள்ளையும், மேலத்தெருச் சிறுவனும், காலனிச் சிறுமியும் ஒரே வரிசையிலே சப்பணமிட்டு அமர்கிறார்கள். ஒரே அண்டாவின் சோறு. ஒரே கரண்டியின் குழம்பு. ஆளுக்கு ஒரு முட்டை. யார் வீட்டுப் பிள்ளை என்று கரண்டி கேட்பதில்லை.

இந்தக் காட்சி தானாக வந்துவிடவில்லை. 1920-ஆம் ஆண்டிலே, பிட்டி தியாகராயர் தலைவராயிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியொன்றிலே பிள்ளைகளுக்கு உணவளிக்கத் தொடங்கியது. 1956-ஆம் ஆண்டிலே காமராசர் ஆட்சி அதனை நாட்டுப்புறமெங்கும் கொண்டு சென்றது. 1982-ஆம் ஆண்டிலே எம்.ஜி.ஆர். ஆட்சியிலே அது சத்துணவாக விரிந்தது. 2022-ஆம் ஆண்டிலே காலை உணவும் சேர்ந்தது. சமைத்த கையின் சாதியைக் கேட்டவர்கள் அன்று இருந்தார்கள். இன்றும் ஆங்காங்கே சிலர் கேட்கத்தான் செய்கிறார்கள். கேட்டவர்களின் குரல் மங்கியது, வரிசை நிலைத்தது. பந்தியிலே சமத்துவம் என்பது நூறாண்டுகளுக்கு மேலாக நடந்து நடந்து நாம் பெற்ற பேறு.

சரி, தோழர்களே! உண்டு முடித்துக் கை கழுவியாயிற்று. மீண்டும் மணி அடிக்கிறது. அடுத்த பாடவேளை கணக்கு. அந்த வரிசை இப்போது எங்கே?

இந்தக் கேள்வியைத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். தேர்தலையும் தீர்மானத்தையும் பேசவேண்டிய இடத்திலே கழித்தலையும் பெருக்கலையும் பேசுவதா என்று எவரேனும் முகம் சுளிப்பாராயின், அவரிடம் ஒன்று கூறுவோம். ஒரு குழந்தை தன்னை அறிவுடையவனென்றோ அறிவிலியென்றோ முதன்முதலாக முடிவு செய்து கொள்ளுமிடம் கணக்கு வகுப்பு. அந்த முடிவைச் சுமந்துகொண்டுதான் அவன் பிற்காலத்திலே வாக்குச் சாவடிக்கும் வருகிறான், வேலை கேட்டும் வருகிறான், வட்டிக்காரனிடம் கைந்நாட்டு வைக்கவும் போகிறான். இது அரசியல் அன்றேல், வேறு எதுதான் அரசியல்?

“கணக்கு வராது!”

கரும்பலகையிலே 402 என்று எழுதி, அதன் கீழே 178 என்று எழுதி, கழிக்கச் சொல்கிறார் ஆசிரியர். நாற்பது விநாடி. முன்வரிசையிலே ஒரு கை உயர்கிறது. “224, ஐயா!” “சபாஷ்!” அடுத்த கணக்கு.

கடைசி வரிசையிலே ஒரு பிள்ளையின் பலகையிலே 376 என்று இருக்கிறது. விடை தவறுதான். ஆனால் அது மூடத்தனமா? 2-லிருந்து 8 போகாது. ஆகவே 8-லிருந்து 2-ஐக் கழித்து 6 என்று எழுதியிருக்கிறது அந்தப் பிள்ளை. 0-லிருந்து 7 போகாது. ஆகவே 7-லிருந்து 0-ஐக் கழித்து 7. 4-லிருந்து 1 போனால் 3. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று கற்பித்ததை, எழுத்துப் பிசகாமல் பின்பற்றியிருக்கிறது. அந்தத் தவற்றுக்குள்ளே ஒரு சிந்தனை இருக்கிறது. அதை எவரும் கேட்கவில்லை. கேட்கப்படாத சிந்தனைமேல் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி விழுகிறது. பத்து முறை விழுந்தபின், “இவனுக்குக் கணக்கு வராது” என்று ஆசிரியர் கூறுகிறார், தாய் கூறுகிறாள், இறுதியிலே அந்தக் குழந்தையே கூறுகிறது. “எங்கள் வம்சத்துக்கே வராது” என்று பாட்டனும் சேர்த்துக் கூறிவிட்டால் தீர்ந்தது! பிறப்பினாலே அறிவு என்று எந்தக் கொள்கையை நாம் மேடைதோறும் மறுத்து வருகிறோமோ, அந்தக் கொள்கை ஒரு சிவப்பு மைக்குறியாக உருமாறி வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது.

கரும்பலகைக்கும் பந்திக்கும் உள்ள தொடர்பு நாம் இன்று கட்டிய கற்பனையன்று. அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையை எழுதிய தனஞ்செய் கீர் ஒரு நிகழ்ச்சியைக் குறித்திருக்கிறார். பம்பாயிலே உயர்நிலைப் பள்ளியிலே படித்த நாளில், ஒரு கேள்விக்கு விடை எழுதிக் காட்டும்படி ஆசிரியர் சிறுவன் பீமராவைக் கரும்பலகைக்கு அழைத்தார். வகுப்பிலே கூச்சல் எழுந்தது. ஏன்? மற்றப் பிள்ளைகளின் உணவுப் பெட்டிகள் அந்தப் பலகைக்குப் பின்னே வைக்கப்பட்டிருந்தன. இவன் அருகே போனால் உணவு தீட்டுப்பட்டுவிடுமாம்! அவன் பலகையை எட்டுமுன்னே ஓடிச்சென்று பெட்டிகளை அப்புறப்படுத்தினார்கள்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! உணவும் அறிவும் அன்று ஒரே பலகையின் இருபுறமும் இருந்தன. இரண்டினின்றும் அச்சிறுவன் விலக்கப்பட்டான். பின்புறத்திலிருந்த உணவுப் பெட்டியை நாம் வென்றெடுத்துப் பொதுவாக்கிவிட்டோம். முன்புறத்திலிருக்கும் கணக்கு? அது இன்னமும் முன்வரிசைக்காரனின் சொத்தாகவே இருக்கிறது.

சில்லறை மாற்றிய சிறுமி

இதற்கு மாற்று உண்டா? உண்டு. கூடிக் கற்றல் என்று கல்வியாளர் அதற்குப் பெயரிட்டிருக்கின்றனர். அதனை விளக்க, அதே கணக்கை வேறொரு வகுப்பிலே வைத்துப் பார்ப்போம்.

நான்கு பிள்ளைகள் வட்டமாக அமர்ந்திருக்கின்றனர். ஒருவன் மனப்பாடத்திலே வல்லவன். ஒருத்தி சந்தையிலே காய்கறி விற்கும் தாயின் மகள். ஒருவன் 376 என்று எழுதியவன். நான்காவது பெண், வாய் திறவாதவள். ஆசிரியர் கட்டளை இது: “நால்வரும் ஒரே விடைக்கு வாருங்கள். வந்தபின் நான் நால்வரில் எவரையேனும் அழைப்பேன். அழைக்கப்பட்டவர் ஏன் அந்த விடை என்று விளக்க வேண்டும். யாரை அழைப்பேன் என்று இப்போது சொல்லமாட்டேன்.”

மனப்பாடக்காரன் உடனே 224 என்கிறான். “எப்படி?” என்கிறான் 376 எழுதியவன். “பக்கத்து வீட்டிலே கடன் வாங்கணும். அங்கே சுழி, அதனால் அதற்கடுத்த வீட்டிலே வாங்கணும். சுழி 9 ஆகிவிடும்.” “சுழி ஏன் 9 ஆகும்? 10 அல்லவா ஆகவேண்டும்?” மனப்பாடக்காரன் விழிக்கிறான். அவனுக்கு விடை தெரியும், காரணம் தெரியாது. இதுகாறும் அவனை எவரும் கேட்டதில்லை!

இப்போது காய்கறிக்காரியின் மகள் பேசுகிறாள். “உன்னிடம் நாலு நூறு ரூபாய்த் தாள், ஒரு 2 ரூபாய் நாணயம். 178 ரூபாய் கொடுக்கணும். என்ன செய்வாய்? ஒரு நூறைப் பத்துப் பத்தாக மாற்றுவாய். 10 பத்து ரூபாய்த் தாள் வரும். அதிலே ஒன்றை எடுத்து ஒற்றை ரூபாயாக மாற்றுவாய். மிச்சம் 9 பத்து. அதுதான் சுழி 9 ஆனது. கையிலே இப்போது 3 நூறு, 9 பத்து, 12 ஒன்று. 12-லே 8 போனால் 4. 9-லே 7 போனால் 2. 3-லே 1 போனால் 2.” வாய் திறவாதவள் அப்போது மெல்லக் கேட்கிறாள்: “178-க்கு 2 போட்டால் 180, 20 போட்டால் 200, இன்னும் 202 போட்டால் 402. அதுவும் 224 தானே?” ஆம், அதுவும் 224 தான். மீதிச் சில்லறை எண்ணித் தரும் கடைக்காரர்கள் செய்கின்ற வழி அதுவே.

ஒரு கழித்தல் கணக்கிலே எத்தனை நிகழ்ந்துவிட்டன என்று பாருங்கள். தவறு செய்தவன் வெட்கப்படவில்லை. அவன் கேள்வியாலேதான் காரணம் வெளிவந்தது. விடை தெரிந்தவன் தன் அறிவின் எல்லையைக் கண்டான். கடைத்தெருவின் அறிவு பாடசாலைக்குள் தலைநிமிர்ந்து நுழைந்தது. ஊமையென எண்ணப்பட்டவள் நான்காவது வழியைக் காட்டினாள்.

கடைத்தெரு அறிவைச் சிறிதென எண்ணாதீர்கள். பிரேசில் நாட்டிலே ரெசிஃபே நகரத் தெருக்களில் தேங்காயும் பழமும் விற்ற சிறுவர்களை ஆராய்ந்து, கராஹர் இணையரும் ஷ்லீமன் அம்மையாரும் 1985-ஆம் ஆண்டிலே முடிவுகளை வெளியிட்டனர். வாணிகத்தின் நடுவே கேட்ட கணக்குகளுக்கு அச்சிறுவர்கள் 100-க்கு 98 அளவிலே சரியான விடை தந்தனர். அதே எண்களைத் தாளிலே வெறும் கணக்காக எழுதிக் கேட்டபோது, சரியான விடை 100-க்கு 37 அளவாகச் சரிந்தது. ஒரு தேங்காய் 35 எனில் 10 தேங்காய் எவ்வளவு என்பதற்கு, பள்ளிக்கூடத்து முறைப்படி சுழி சேர்க்காமல், மூன்று மூன்றாகக் கூட்டிக்கொண்டு போய் 350 என்று சொன்னான் 12 அகவைச் சிறுவன் ஒருவன். கொல்கத்தாவிலும் தில்லியிலும் சந்தையிலே உழைக்கும் பிள்ளைகளிடம் நடந்த பேராய்வொன்றும், 2025-ஆம் ஆண்டிலே இதே உண்மையைக் கூறிற்று. அதிலே இன்னொரு பாதியும் வெளிப்பட்டது. பள்ளியிலே மட்டும் படித்த பிள்ளைகள் பாடக்கணக்கைச் செய்தனர். சந்தைக் கணக்கிலே தடுமாறினர். இருபாலார்க்கும் அறிவுண்டு, இடையிலே பாலந்தான் இல்லை. அந்தப் பாலத்தை எவர் கட்டுவது? ஒரே வட்டத்தில் அமர்ந்து ஒருவரை ஒருவர் கேட்கும் பிள்ளைகளே கட்டமுடியும்.

கூடி உட்காருதல் வேறு; கூடிக் கற்றல் வேறு

இங்கே ஓர் எச்சரிக்கை. பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டு, நான்கு நான்கு பேராக உட்காரவைத்துவிட்டால் கூடிக் கற்றல் வந்துவிட்டதென எண்ணுவோர் உளர். வந்துவிடாது. நான்கு பேர் உட்கார்ந்து, ஒருவன் எழுதி, மூவர் பார்த்து எழுதுவது கூடிக் கற்றல் ஆகாது. அது கூடிக் களவாடல்!

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலே பல்லாண்டு உழைத்த இராபர்ட் சுலாவின் என்னும் கல்வியாளர், 2021-ஆம் ஆண்டிலே மறைந்தவர், இத்துறை ஆய்வுகளையெல்லாம் சலித்தெடுத்து இரண்டு நிபந்தனைகளை வலியுறுத்தினார். குழுவுக்கென ஒரு பொது இலக்கு இருக்கவேண்டும். அந்த இலக்கு ஒவ்வொருவரும் தனித்தனியே கற்றதனாலேயே எட்டப்பட வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் பயன் தேய்ந்துவிடும். அவர் வகுத்த முறையிலே பிள்ளைகள் குழுவாகப் படிப்பார்கள். தேர்வைத் தனித்தனியே எழுதுவார்கள். குழுவுக்கு மதிப்பெண் எப்படி வருகிறது? ஒவ்வொரு பிள்ளையும் தன் பழைய அளவை எவ்வளவு தாண்டியது என்பதைக் கொண்டு வருகிறது. முழு விடையும் சரியாக எழுதிய பிள்ளைக்கும் முழுப்புள்ளி உண்டு. ஆக, 3 வாங்கிவந்தவன் 6 வாங்கினால் அவன் குழுவின் சுமையாக இருப்பதில்லை, குழுவின் செல்வமாகிவிடுகிறான். “உன்னாலே நாங்கள் தோற்றோம்” என்ற வசை, “உன்னாலே நாங்கள் உயர்ந்தோம்” என்ற வாழ்த்தாக மாறுகிறது. ஒரு விதியை மாற்றியதாலே ஓர் உறவு மாறுகிறது! சட்டம் மாறினால் சமுதாயம் மாறும் என்று நாம் கூறுவதன் சிற்றுருவம் அன்றோ இது?

கணக்குக் குழுக்களைக் கூர்ந்து கவனித்த நோரீன் வெப் என்னும் அமெரிக்க ஆய்வாளர் மற்றொரு செய்தியைக் கண்டுரைத்தார். விளக்கிச் சொல்லும் பிள்ளை மிகுதியாகக் கற்கிறது. விடையை மட்டும் பெற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு அதனாலே பயனில்லை. இந்தச் செய்தியிலே இரண்டு பதில்கள் அடங்கியிருக்கின்றன. “என் பிள்ளை கெட்டிக்காரன்; மந்தமானவர்களோடு சேர்ந்து அவன் காலம் வீணாகிறதே” என்று புலம்பும் பெற்றோர்க்கு ஒரு பதில்: அம்மா, விளக்குவதாலே அவன் இழப்பது ஒன்றுமில்லை; பெறுவதே மிகுதி. “நண்பனுக்கு விடை சொல்லிக் கொடுத்தேன்” என்று பெருமைப்படும் பிள்ளைக்கு மற்றொரு பதில்: தம்பி, விடை தராதே, வழி காட்டு.

சட்டாம்பிள்ளை வேறு, தோழன் வேறு

“இது நமக்குப் புதிதா? நம் திண்ணைப் பள்ளிகளிலே பிள்ளைக்குப் பிள்ளை கற்பித்ததுண்டே! வெள்ளைக்காரனே நம்மிடம் கற்றுக்கொண்டு போனானே!” என்று பெருமை பேசுவோர் உண்டு. பேசுவது மெய்தான், முழு மெய்யன்று.

ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், 1789-ஆம் ஆண்டிலே சென்னை எழும்பூரிலிருந்த படைவீரர் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதியின் பொறுப்பேற்றார். நம் பிள்ளைகள் மணலிலே விரலால் எழுதிப் பழகுவதையும், ஒருவர்க்கொருவர் கற்பிப்பதையும் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியிலே புகுத்தினார். 1797-ஆம் ஆண்டிலே இலண்டனிலே நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயராலே அது இங்கிலாந்தெங்கும் பரவியது. அவர் விட்டுச் சென்ற பொருளைக் கொண்டு செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரிலே எழுந்த பள்ளிக்கு இன்றளவும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்றே பெயர்.

பெருமைதான். ஆனால் அங்கே போய் அது என்ன ஆயிற்று? ஓர் ஆசிரியர், அவர்க்குக் கீழே சட்டாம்பிள்ளைகள், அவர்களுக்குக் கீழே நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகள். தொழிற்சாலைகள் பெருகிய நாட்டிலே, குறைந்த செலவில் நிறையப் பிள்ளைகளுக்குக் கீழ்ப்படிதலைப் பயிற்றும் எந்திரமாயிற்று. நம் திண்ணையோ, எண்சுவடியை ஓங்கிய குரலிலே ஒப்பிக்கவைத்த வலிமை உடையதாயினும், எந்தத் தெருப் பிள்ளைகளை ஏற்றது, எந்தத் தெருப் பிள்ளைகளைத் தள்ளியது என்பதை நாம் அறிவோம். பெண் குழந்தைகளுக்கு அங்கே எவ்வளவு இடமிருந்தது என்பதையும் அறிவோம்.

சட்டாம்பிள்ளை மேலிருந்து பெற்றதைக் கீழே இறக்குபவன். அவனை எதிர்த்துக் கேட்க எவர்க்கும் உரிமையில்லை. கூடிக் கற்கும் தோழனை “ஏன்?” என்று கேட்கலாம், கேட்டாக வேண்டும். முன்னது ஆணையின் ஏணி. பின்னது உரையாடலின் வட்டம். பழைமையிலே ஒரு விதை இருந்தது என்பதற்காக, அதன் முட்களையும் சேர்த்து நடவேண்டியதில்லை.

வட்டத்துக்குள் நுழையும் ஊர்

வட்டமாக உட்கார்ந்துவிட்டாலே சமத்துவம் வந்துவிடுமா? வராது, தோழர்களே! ஊரிலே உள்ள மேடுபள்ளம் வட்டத்துக்குள்ளும் நுழைந்துவிடும். யார் முதலிலே பேசுவது, யார் எழுதுகோலைப் பிடிப்பது, யார் சொன்னால் மற்றவர் கேட்பது என்பவையெல்லாம் பள்ளிக்கு வெளியிலேயே முடிவாகியிருக்கும். அமெரிக்காவிலே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் எலிசபெத் கோகன் அம்மையார் இதனைத்தான் தம் வாழ்நாள் ஆய்வாகக் கொண்டார். உயர்வாக எண்ணப்படும் பிள்ளை மிகுதியாகப் பேசுகிறது. மிகுதியாகப் பேசுவதாலே மிகுதியாகக் கற்கிறது. தாழ்வாக எண்ணப்படும் பிள்ளை வாய்மூடி, அந்த வாய்மூடலாலேயே மேலும் தாழ்கிறது. உள்ளவனுக்கே மேலும் சேரும் கொடுமை, நான்கு பிள்ளைகளின் நடுவேயும் நடக்கிறது!

இதற்கு மருந்தையும் அவரே கூறினார். அமைதியாயிருக்கும் பிள்ளை உண்மையாகவே நன்றாகச் செய்த ஒன்றை ஆசிரியர் கண்டெடுத்து, பலரறியப் பெயர் சொல்லி, எது நன்று, ஏன் நன்று என்று விளக்கவேண்டும். பொய்ப் புகழ்ச்சி பயன்படாது. “சில்லறை மாற்றிக் காட்டினாளே, அதனாலேதான் உங்கள் குழுவுக்குச் சுழியின் காரணம் விளங்கியது” என்று மெய்யைச் சொல்லவேண்டும். அடுத்த கணக்குக்கு அவளைத்தான் மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

பகை நிறைந்த வகுப்பிலே இது நடக்குமா என்று ஐயுறுவோர்க்கு ஒரு வரலாறு. 1971-ஆம் ஆண்டிலே டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரிலே, வெள்ளையர், கறுப்பர், மெக்சிகோ வழியினர் ஆகியோரின் பிள்ளைகள் முதன்முறையாக ஒரே பள்ளியிலே சேர்க்கப்பட்டபோது பூசல் மூண்டது. எலியட் ஆரன்சன் என்னும் உளவியல் அறிஞர் அழைக்கப்பட்டார். அவர் அறவுரை கூறவில்லை. பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவிலே ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். கணக்குப் பாடத்திலே தொடங்கியதன்று அது. ஆயினும் பாடம் நமக்கும் உண்டு. ஒருவன் துண்டு மற்றவனிடம் இல்லை; தேர்வோ முழுப் பாடத்திலும் நடக்கும். நேற்றுவரை எள்ளிய பிள்ளையை இன்று கேட்டறிந்தாலன்றி வழியில்லை! ஏளனம் குறைந்தது. பின்தள்ளப்பட்டிருந்த பிள்ளைகளின் தேர்ச்சி உயர்ந்தது. வெள்ளைப் பிள்ளைகளின் தேர்ச்சி குறையவுமில்லை. அன்பு செலுத்துக என்று ஆயிரம் முறை சொல்வதினும், ஒருவர் இல்லாமல் ஒருவர்க்கு ஆகாது என்ற நிலையை ஒருமுறை உண்டாக்குவது வலிது.

நாம் நடந்த தூரம்

நம் மாநிலம் இத்துறையிலே கைகட்டி நின்றதில்லை. 2003-ஆம் ஆண்டிலே சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளிலே செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி கண்ட முறையைக் கற்று, நமக்கேற்ப வகுக்கப்பட்டது அது. சில ஆண்டுகளிலே மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளெங்கும் பரவியது. ஆசிரியர் நாற்காலியை விட்டிறங்கித் தரையிலே பிள்ளைகளோடு அமர்ந்தார். கரும்பலகை, பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்துக்குச் சுவரோரமாகத் தாழ்ந்து வந்தது. பலகை தாழ்ந்தது, பிள்ளை உயர்ந்தது! அதிலே சக மாணவர் உதவியோடு கற்கும் குழுவும் இருந்தது. எனினும் ஒவ்வொரு பிள்ளையும் தன் அட்டையோடு, தன் ஏணிப்படியிலே, தன் வேகத்திலே ஏறிற்று. அருகருகே அமர்ந்தார்கள், ஒரே கணக்குக்காக ஒருவரையொருவர் நாடவேண்டிய தேவை குறைவாகவே இருந்தது.

பெருந்தொற்றுக் காலத்திலே பள்ளிகள் மூடிக்கிடந்து, பிள்ளைகள் கற்றதை இழந்தபின், 2022-ஆம் ஆண்டிலே ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. பிள்ளைகளின் கற்றல் நிலையை அளந்து அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பிரித்துக் கற்பிக்கும் வழியை அது கொண்டது. கூட்டலே வராத பிள்ளைக்குக் கூட்டலையும், வந்த பிள்ளைக்கு அடுத்ததையும் கற்பிப்பது அறிவுடைமை. அதை நாம் குறை கூறோம். ஆனால் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். நாள் முழுதும் அரும்புகள் அரும்புகளோடு மட்டுமே அமர்ந்திருந்தால், சில்லறை மாற்றிக் காட்ட அங்கே எவர் இருப்பார்? ஒரு பொழுது நிலைவாரியாகக் கற்கட்டும்; மறு பொழுது மூன்று நிலையினரும் கலந்த குழுவிலே ஒரே கணக்கோடு போராடட்டும். தோட்டத்திலே அரும்பும் மொட்டும் மலரும் ஒரே கொடியிலேதானே இருக்கின்றன?

“நேரமில்லை, பாடம் முடியாது, இரைச்சல் மிகும்” என்று ஆசிரியப் பெருமக்கள் கூறுவர். அவர்கள் கூற்றிலே நியாயமுண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியிலே 60 பிள்ளைகள் வரை இருந்தால் 2 ஆசிரியர் என்பதே அளவு. ஐந்து வகுப்புக்கு இருவர்! பதிவேடு, கைப்பேசிச் செயலி, புள்ளிவிவரம் என்று பிற சுமைகள் வேறு. அவர்களைக் குற்றவாளிக் கூண்டிலே ஏற்றுவது நம் நோக்கமன்று. ஒருவர் மூன்று வகுப்பைக் கட்டி மேய்க்கும் இடத்திலேதான், பிள்ளைகள் ஒருவர்க்கொருவர் விளக்கிக்கொள்ளும் பழக்கம் பெருந்துணையாகும். இரைச்சலைப் பொறுத்தவரை, கல்லறையிலே இரைச்சல் இருக்காது, பட்டறையிலே இருக்கும். பள்ளி எதுபோல் இருக்கவேண்டும்?

நம் கடமை

இப்போது உங்களிடம் வருகிறோம், தோழர்களே! படித்துத் தலையசைத்து ஏட்டை மடித்துவைப்பதற்காக இதை எழுதவில்லை.

2009-ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு ஒன்றை அளித்திருக்கிறது. அதிலே நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். உறுப்பினரில் பாதிப்பேர் பெண்கள். உங்கள் ஊர்க் குழு எப்போது கூடுகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? கட்டடத்துக்குச் சுண்ணாம்பு, கழிப்பறைக்குத் தண்ணீர், சுற்றுச்சுவருக்கு நிதி, இவையெல்லாம் அங்கே பேசப்படுகின்றன, பேசப்படவும் வேண்டும். கணக்கு வகுப்பு எப்படி நடக்கிறது என்று ஒருவரேனும் கேட்டதுண்டா? உங்கள் பிள்ளை அந்தப் பள்ளியிலே படித்தால் நீங்கள் கேளுங்கள். படிக்கவில்லையாயின், படிக்கும் பிள்ளையின் தாயிடம் சொல்லி அவரைக் கேட்கச் செய்யுங்கள். கொடி கட்டிக்கொண்டு போகவேண்டாம், ஆசிரியரை மிரட்டவேண்டாம், நாமே போய்ப் பாடம் நடத்தவும் வேண்டாம். மூன்றே கேள்விகள் போதும். ஐயா, வாரத்திலே எத்தனை பாடவேளை பிள்ளைகள் கலந்த குழுக்களாகக் கணக்குச் செய்கிறார்கள்? அம்மா, குழுவின் சார்பிலே விளக்க எவரை அழைக்கிறீர்கள். எப்போதும் ஒரே பிள்ளையையா, அன்றி எவரையும் அழைப்பீர்களா? இதைச் செய்ய உங்களுக்கு எந்தத் தடை இருக்கிறது. அதை நீக்க ஊரார் நாங்கள் என்ன செய்யவேண்டும்?

மூன்றாவது கேள்வியை மறந்துவிடாதீர்கள். முதலிரண்டை மட்டும் கேட்பவன் அதிகாரி. மூன்றாவதையும் கேட்பவனே தோழன். ஆசிரியப் பணியிடம் காலியென்றால் அதை நிரப்பக் குரல் கொடுப்பது நம் வேலை. பதிவேட்டுச் சுமை மிகுதியென்றால் அதைக் குறைக்கச் சொல்வதும் நம் வேலை. நம் ஆட்சியாயினும் பிறர் ஆட்சியாயினும் சொல்வது நம் வேலை.

வீட்டிலேயும் ஒரு வேலை உண்டு. மாலையிலே வீடு திரும்பும் பிள்ளையிடம் “எத்தனை மார்க்? எத்தனையாவது ராங்க்?” என்று கேட்கிறோம். இனி ஒரு வாரம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “இன்று நீ யாருக்குக் கணக்கு விளக்கினாய்? உனக்கு யார் விளக்கினார்கள்?” அந்த இரண்டாவது கேள்விக்கு விடையாக எந்தத் தெருப் பிள்ளையின் பெயர் வருகிறது என்று கவனியுங்கள். அதைச் சொல்லும்போது உங்கள் பிள்ளையின் குரலிலே நன்றி இருக்கிறதா, நாணம் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். நம் கொள்கை நம் வீட்டிலே எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதற்கு அதைவிடத் துல்லியமான அளவுகோல் கிடையாது.

கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்று நம் மக்கள் சொல்லிவைத்தனர். கூட்டத்தையும் எண்ணையும் ஒரே மூச்சிலே சொன்ன பழமொழி அது. அதைச் சுவரிலே எழுதிவைத்திருக்கிறோம். சுவருக்குக் கீழே பிள்ளைகளைத் தனித்தனியே ஓடவிட்டு, முந்தியவனுக்குக் கைதட்டுகிறோம்.

நாளைத் திங்கட்கிழமை. நம் பள்ளிகளெங்கும் மணி அடிக்கும். பந்தியிலே பிள்ளைகள் வரிசையாக அமர்வார்கள், உண்பார்கள், எழுவார்கள். பின்னர்க் கணக்குப் பாடவேளை வரும். ஆசிரியர், எவரையும் அழைக்கலாம் என்ற விதிப்படி, கடைசி வரிசைப் பிள்ளையை அழைப்பார். அது எழுந்து பலகையை நோக்கி நடக்கும். அன்று பம்பாயிலே ஒரு சிறுவன் நடந்தபோது, உணவுப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நாளை நம் பிள்ளை நடக்கும்போது, மூன்று தோழர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு, “சொல்லிவிடு, உன்னால் முடியும்” என்று கண்ணாலே கூறிக்கொண்டு இருக்கவேண்டும். அதன் வெற்றி அவர்கள் வெற்றியாக வேண்டும்.

அந்தப் பிள்ளை சுண்ணாம்புக்கட்டியைக் கையிலெடுக்கட்டும். 402 என்று எழுதட்டும். சுழி ஏன் 9 ஆயிற்று என்று, முன்வரிசை திரும்பிப் பார்க்க, தானே விளக்கட்டும்.